'வண்டி ஸ்டார்ட் ஆகல'ன்னு மட்டும் சொல்லாதீங்க: பழைய பைக்கின் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அப்பா கொடுத்த பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். செல்ஃப் எல்லாம் கிடையாது, கிக்கர்தான். பத்து உதை, இருபது உதை, முப்பது உதை. சட்டை நனைந்துவிட்டது, வண்டி மட்டும் மசியவில்லை. கடைசியில் ஆட்டோ புக் செய்துவிட்டு, மெக்கானிக்குக்கு ஒரு போன்: "அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகல."

சாயங்காலம் வண்டி ரெடி. பிளக் மாற்றியாச்சு. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே மக்கர். இந்த முறை கார்பரேட்டர் சர்வீஸ். அடுத்த மாதம் காயில். அதற்கும் அடுத்து, "சிடிஐ போயிருக்கும்போல தம்பி, மாத்திப் பாத்துடலாம்." செலவு ஏறிக்கொண்டே போகிறது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது: "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, இஎம்ஐல புதுசு ஒண்ணு எடுத்துடு."

பழைய பைக் வைத்திருக்கும் பலரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். இதில் மெக்கானிக்கைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவருக்குக் கிடைத்த தகவல் என்ன? 'ஸ்டார்ட் ஆகல' என்ற ஒரே ஒரு வரி. காலையில் வீட்டில் அடம்பிடித்த வண்டி, மதியம் பட்டறையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடலாம். பக்கத்தில் பத்து வண்டி வரிசையில் நிற்கும்போது, அவர் அனுபவத்தை வைத்து ஊகித்துத்தான் ஏதாவது ஒரு பாகத்தை மாற்ற முடியும். கோளாறு நடக்கும் நேரத்தில் கூடவே இருப்பது வண்டிக்காரர் மட்டும்தான்.

அந்த நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். சில சமயம் முழுச் செலவுமே மிச்சம்.

பழைய பைக் என்றால் எது?

இங்கே பேசப்போவது கார்பரேட்டர் உள்ள பைக்குகளைப் பற்றி. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் தொடங்கி நம் தெருக்களில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பெரும்பாலான பழைய வண்டிகள் இந்த ரகம்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் கோளாறு வந்தால் மீட்டரில் ஒரு விளக்கு எரியும், சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டிப் படித்துவிடுவார்கள்.

பழைய வண்டியில் அப்படி எந்த விளக்கும் கிடையாது. ஆனால் அதன் கோளாறுகள் பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டக்கூடியவை. ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய துணி போதும்.

மூன்றே மூன்று தேவைகள்

இன்ஜின் ஸ்டார்ட் ஆக மூன்று விஷயங்கள் வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து உள்ளே வர வேண்டும். அந்தக் கலவையை பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் பிளக்கில் தீப்பொறி வர வேண்டும். பட்டறை பாஷையில் சொன்னால் பெட்ரோல், கம்ப்ரஷன், கரன்ட். பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். எது குறைகிறது என்று தெரியாமல் பாகத்தை மாற்றுவது இருட்டில் கல்லெறிவது மாதிரி.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

சிரிக்காதீர்கள், இந்தப் பட்டியலில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? மூடியைத் திறந்து, வண்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். பெட்ரோல் டேப் 'ஆன்' நிலையில் இருக்கிறதா? கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் ரிசர்வுக்கு மாற்றுங்கள். கில் சுவிட்ச் இருக்கும் வண்டி என்றால், பார்க்கிங்கில் யாராவது விளையாட்டாக அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா? சில மாடல்களில் கிளட்சைப் பிடிக்காமலோ, சைடு ஸ்டாண்டை எடுக்காமலோ இருந்தால் செல்ஃப் வேலை செய்யாது.

அடுத்தது சோக். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தேவை. அதற்காகத்தான் அந்த லீவர். கார்பரேட்டரிலேயோ ஹேண்டில்பாரிலேயோ இருக்கும். சோக் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் உதைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் சோக்கை எடுத்துவிட மறக்காதீர்கள்.

நிறைய உதைத்த பிறகு குப்பென்று பெட்ரோல் வாடை வருகிறதா? அப்படியானால் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு சில முறை உதையுங்கள். அதிகப்படியான பெட்ரோல் வெளியேறி, பல நேரம் ஸ்டார்ட் ஆகிவிடும்.

எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை?

கோளாறைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

காலையில் மட்டும் தகராறு, அப்புறம் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது என்றால், சோக் வேலை செய்யவில்லை, கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, பிளக்கில் கரன்ட் பலவீனமாக வருகிறது அல்லது டேப்பட் இறுகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஓடி ஓடிச் சூடான பிறகு சிக்னலில் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது என்றால், சூடானால் செயலிழக்கும் மின்பாகம் ஏதோ இருக்கிறது. பல்சர் காயில், இக்னிஷன் காயில், சிடிஐ மூன்றும் இந்தப் பட்டியலில் வரும். ஆனால் இவற்றுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை: நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. உள்ளே காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தத் துளையைச் சுத்தம் செய்வதற்கு எந்த ஸ்பேரும் வாங்க வேண்டியதில்லை.

மழையில் நனைந்தாலோ வாட்டர் வாஷ் செய்தாலோ மட்டும் மக்கர் என்றால், பிளக் கேப்பையும் அதற்கு வரும் தடித்த வயரையும் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் கரன்ட் பிளக்குக்குப் போகாமல் பாடிக்குத் தாவிவிடும். இருட்டில் உதைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால், பழசான பெட்ரோல், பிசின் படிந்த ஜெட், செத்துப்போன பேட்டரி ஆகிய மூன்றில் ஒன்றாகவோ மூன்றுமாகவோ இருக்கும்.

ஈரமா, காய்ந்ததா?

நேரத்தைக் குறித்துக்கொண்டாயிற்று. அடுத்து பிளக். சோக் போட்டு பத்துப் பதினைந்து முறை உதைத்துவிட்டு, உடனே பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் சூடாக இருந்தால் ஆறட்டும்.

பிளக் நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் உள்ளே வருகிறது, ஆனால் தீப்பிடிக்கவில்லை. கரன்டையோ கம்ப்ரஷனையோ சோதிக்க வேண்டும். நுனி காய்ந்திருந்தால், பெட்ரோலே வந்து சேரவில்லை. அப்போது காயில், சிடிஐ பக்கமெல்லாம் போக வேண்டியதில்லை, டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை பார்த்தால் போதும்.

பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். நுனியில் இருக்கும் பீங்கான் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. கரிப்பொடி அப்பியது போலக் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பிசுபிசுவென்று எண்ணெய்க் கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே எரிகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது எங்கேயோ காற்று கசிகிறது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி மாடலைப் பொறுத்துப் பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் சரியான அளவு உண்டு.

கரன்ட் வருகிறதா?

கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் மாட்டுங்கள். பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் அதிலிருந்து தள்ளி வையுங்கள். அக்கம்பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, காய்ந்த பிறகுதான் இந்தச் சோதனை. பிளக்கை வெறும் கையால் பிடிக்காதீர்கள், ஷாக் பலமாக அடிக்கும். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு உதைப்பதும் கூடாது, காயிலும் சிடிஐயும் கெட்டுவிடலாம்.

சாவியைப் போட்டு உதையுங்கள். நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி வந்தால் கரன்ட் பிரச்சினை இல்லை. மஞ்சளாகச் சோம்பலாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ, விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் நல்ல பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அடுத்து பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அடுத்து சாவி சுவிட்ச், அதிலிருந்து வரும் வயர்கள். பல பழைய 100 சிசி வண்டிகளில் அந்த வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் உரசினாலே கரன்ட் நின்றுவிடும். இவ்வளவும் சரி என்றால்தான் காயில், பல்சர் காயில், சிடிஐ.

சிடிஐயை 'மாத்திப் பாக்கலாம்' என்று சொன்னால், வாங்கிவிட்டு மாற்றுவதற்குப் பதிலாக, அதே மாடல் ஓடும் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட் ஆனால் புதுசு வாங்கலாம். ஆகாவிட்டால் காசு மிச்சம்.

பெட்ரோல் எங்கே நிற்கிறது?

பிளக் காய்ந்திருந்தால், கார்பரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்து, டேப்பைத் திறந்து பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. சில மாடல்களில் இன்ஜின் இழுவை இருந்தால்தான் டேப் திறக்கும். மற்றவற்றில் பெட்ரோல் தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வலையோ ட்யூபோ மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கிறது.

ஒழுகுகிறது, ஆனாலும் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால் கார்பரேட்டரின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக உருண்டை உருண்டையாக நின்றால் அது தண்ணீர். சிவப்பாக மண் போல வந்தால் டேங்க் உள்ளே துரு.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். அதை கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி, கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு மைலேஜும் போய்விடும். ஜெட் சுத்தமாக இருந்தும் அதே கதை என்றால், கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது, பழைய ரப்பர் பாகங்களுக்கும் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அதனால் பழைய பைக்கை அரை டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். மூடிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

'போர் போயிடுச்சு' என்று சொன்னால்?

பெட்ரோல் வருகிறது, கரன்டும் வருகிறது. ஆனால் கிக்கர் முன்பு மாதிரி காலைத் தடுக்காமல், லொடக்கென்று கீழே போகிறது. இது கம்ப்ரஷன் குறைந்ததற்கான அறிகுறி. சாவியை அணைத்துவிட்டு, பிளக் துளையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ளிவிட வேண்டும். மெல்லிசாக ஊதினால் கம்ப்ரஷன் இல்லை.

இங்கேதான் பெரிய செலவுக்கான பேச்சு வரும்: "போர் பண்ணி, பிஸ்டன் மாத்தணும்." உண்மையாகவே தேவைப்படலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். ஒன்று, டேப்பட் பார்த்தீர்களா? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வுக்கு மேலே மிகச் சிறிய இடைவெளி விட்டிருப்பார்கள். வண்டி ஓட ஓட அது இறுகிவிட்டால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசிந்துவிடும். சரிசெய்ய எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, ஆயில் சோதனை. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் சோதித்தால், கம்ப்ரஷன் கூடினால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வால்வு பக்கம். எதைப் பிரிப்பது என்று முடிவெடுக்க இந்த ஒரு ஸ்பூன் ஆயில் உதவும்.

செல்ஃப் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்?

பட்டனை அழுத்தும்போது 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா? பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்தோ பூத்தோ இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால், முழுசாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். வண்டி ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சுமார் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும், சார்ஜிங் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் தெரிந்திருப்பது நல்லது. பல பழைய 100 சிசி வண்டிகளில் பிளக்குக்கான கரன்ட் மேக்னட்டிலிருந்தே வரும், பேட்டரி செத்தாலும் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். வேறு சில மாடல்களில் அது பேட்டரியிலிருந்து வரும். அந்த வண்டிகளில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் உதைத்தாலும் தள்ளினாலும் பலன் இல்லை.

ஆர்எக்ஸ் 100, புல்லட் வைத்திருப்பவர்களுக்கு

1985 முதல் 1996 வரை இங்கே தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக் ரகம். டேப்பட் பேச்சே கிடையாது. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் பிளக்கில் எண்ணெய்க் கரி பிடிப்பது சகஜம், ஒரு பிளக்கைக் கூடவே வைத்திருப்பது நல்லது. பிளக் சுத்தமாக இருந்தும் அடம்பிடித்தால், கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளில் சிடிஐக்குப் பதில் சிபி பாயின்ட் இருக்கும். பாயின்ட் கறுத்துப்போனாலோ இடைவெளி மாறினாலோ கரன்ட் போய்விடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் பல புல்லட்டுகள் எழுந்துவிடும். உதைப்பதிலும் ஒரு முறை உண்டு. கிக்கர் இறுகும் இடம்வரை மெதுவாக அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து அந்த இடத்தை லேசாகத் தாண்டிவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான பைக்குகள் தண்ணீரில் நின்றன. இன்ஜின் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்துபார்க்கவே கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் மாற்றி, பெட்ரோலையும் காலி செய்த பிறகுதான் கிக்கரில் கால் வைக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

இத்தனையும் சொன்னது எல்லோரும் ஸ்பேனர் தூக்க வேண்டும் என்பதற்காக அல்ல. பட்டறைக்குப் போகும்போது நான்கு விவரங்கள் கையில் இருந்தால் போதும். எப்போது மக்கர் பண்ணுகிறது? பிளக் ஈரமா, காய்ந்ததா? கரன்ட் வருகிறதா? கிக்கர் இறுக்கமா, லேசா? ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு தீரவில்லை என்றால் பழைய பாகம் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்பிளெண்டருக்கே வருவோம். அந்த போன் இப்படி இருந்திருந்தால்? "அண்ணா, காலைல முதல் ஸ்டார்ட்தான் பிரச்சினை. பிளக் ஈரமா இருக்கு, கரன்டும் நல்லா வருது. ஆனா கிக்கர் முன்ன மாதிரி இறுக்கமா இல்ல, லேசா போகுது."

அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் இதைக் கேட்டதும் காயிலையும் சிடிஐயையும் தேடிப் போகமாட்டார். "டேப்பட் இறுகியிருக்கும் தம்பி. காலைல இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி கொண்டு வா, பாத்துடலாம்" என்பார். புது பிளக் போட்டதும் இரண்டு வாரம் ஓடியது ஏன் என்பதும் அப்போது புரியும். புது பிளக்கின் பலமான பொறி, குறைந்துகொண்டிருந்த கம்ப்ரஷனைக் கொஞ்ச நாள் சமாளித்திருக்கிறது, அவ்வளவுதான். தேவைப்பட்டது டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும். அப்பாவின் வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்பும் பேச்சே வந்திருக்காது.